வண்டி திரும்பும் இடம்

டின்டில் கிரீக்
மார்ச் 2

டெஸ்,

போன் செய்து செய்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். உன் மகள் எடுத்து, "அப்பா வெளியே போயிருக்காரு அத்தை" என்கிறாள். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை அடுப்பில் போடுவதென்றால் போடு. நம் குடும்பத்தில் யாருக்கும் தீ புதிதில்லை.

ஊர்ச் செய்தி முதலில். ஜனவரித் தீக்குப் பிறகு இப்போதுதான் நல்ல மழை. கருகி நின்ற தைலமரங்களின் அடி முதல் நுனி வரை, மயிர் முளைத்ததுபோலப் பச்சைத் துளிர். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது.

வீடு போனவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கேரவன்களில் இருக்கிறார்கள். ஒரு கேரவனில் ரொட்டி கருகினால் போதும், அத்தனை கதவும் திறந்து ஜனம் வெளியே ஓடி வந்து நிற்கிறது. யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ரொட்டியைக் கருக விட்டவன் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வருவான்.

நாடு முழுவதிலிருந்தும் துணிமணி வந்து ஊர் ஹாலில் கூரையைத் தொடுகிறது. ஒரு பெட்டி நிறைய நீச்சல் உடை. இன்னொன்றில் குதிகால் உயர்ந்த செருப்பு. நம் மெர்வ் இருக்கிறாரே, எழுபது வயதிலும் தீயணைப்புக் குழாயை விடாத கிழவர், அதில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, "அடுத்த தீக்கு நான் இதுலதான் வருவேன்" என்று ஹாலைச் சுற்றி நடந்தார். சாம்பலுக்குப் பிறகு ஊர் சிரித்த முதல் சிரிப்பு அது.

புது பூட்ஸ் போட்ட மந்திரி ஒருவர் வந்தார். காமிராவுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நாங்கள் எல்லோரும் மாவீரர்கள் என்றார். "வீரர்னெல்லாம் வேணாம் சார். எங்க தீ வண்டியோட பழைய பம்பு பாதி நேரம் மூச்சு விடமாட்டேங்குது. புதுசு ஒண்ணு குடுங்க, கோழைன்னு கூப்பிட்டாலும் வாங்கிக்கிறோம்" என்றேன். காமிராவை அணைத்துவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து கிரெய்டன் என்று ஓர் ஆள் வந்தார். தொண்டர் குழு தீயணைப்பு வண்டி வைத்திருக்க வேண்டுமென்றால், உரிமம் உள்ள ஓட்டுநர் இருவர் வேண்டுமாம். இல்லாவிட்டால் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நம் வண்டியை ஹோல்பரிக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். ஹோல்பரி! அங்கிருந்து மலை ஏறி இறங்கி வண்டி இங்கே வருவதற்குள் நாங்கள் கரி. மெர்வுக்குக் கண் மங்கிவிட்டது, உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். டான்யா டீச்சர் தைரியசாலிதான், ஆனால் தன் சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மீதி நான் ஒருத்தி. இரண்டாவது ஆள் நீ. இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவனே நீதான், உன் அக்காவான எனக்கும் சேர்த்து.

வா. கோபம் போகாவிட்டால் கோபத்தோடேயே வா.

நோரீன்

*

வாலஸ் முனை
மார்ச் 11

நோரீன்,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இங்கே இருப்பது மின்சார அடுப்பு.

மகள் தன் கார் கொட்டகையைத் தட்டி எனக்கு ஓர் அறை செய்து கொடுத்திருக்கிறாள். ஜன்னலில் கடல் தெரிகிறது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அது எரியாது.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீதான் அனுப்பினாய். குழுவுக்குக் கேப்டன் நீ, சொன்னாய், போனேன். மலைக்கு அந்தப் பக்கம், இரவல் வண்டியில், பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய வீட்டுக்கும் அவர் கோழிக்கூண்டுக்கும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு நின்றது. கோழிகளும் பிழைத்தன. அந்த மனிதர் அழுதுகொண்டே எனக்கு ஒரு அட்டை நிறைய முட்டை கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீடு இல்லை. முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

என்னவள் லோர்னா சாவதற்கு முன் கடைசியாகப் போட்ட சீமைமாதுளை ஜாமில் ஒரு பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்து தின்றிருக்கலாம்.

என் கேட்டில் சக்கரத் தடம் இருந்தது. நம் வண்டியின் தடம். கேட் வரை வந்திருக்கிறாய். நின்றிருக்கிறாய். பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாய். தடத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தெரியாதவனா நான்? ஊரான் கோழிக்கூண்டை நான் காப்பாற்றினேன். என் கூடப் பிறந்தவள் என் வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போனாள்.

நீ நல்ல கேப்டன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். "தப்புப் பண்ணிட்டேன் டெஸ்" என்று எழுது. அடுத்த பஸ்ஸில் வருகிறேன். எழுத முடியாவிட்டால் வண்டி ஹோல்பரிக்குப் போகட்டும்.

டெஸ்மண்ட்

*

டின்டில் கிரீக்
மார்ச் 17

டெஸ்மண்ட்,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சரி, அப்படியே கூப்பிடுகிறேன்.

எழுதமாட்டேன்.

நீ கேட்காததையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். பகல் மூன்று மணிக்கு நடு ராத்திரிபோல இருட்டு. விளக்கைப் போட்டால் புகை வெளிச்சத்தையும் தின்றுவிட்டது. வண்டியில் என்னோடு மெர்வும் டான்யாவும். உன் கேட்டிலிருந்து வீடு வரை ஒற்றை மண்பாதை. இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேலே கைகோத்து நிற்கின்றன. எரிகிற மரப்பட்டை வௌவால்போலப் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டுகிறது. டான்யா என் தோளைப் பிடித்து உலுக்கி, "உள்ள போலாம் நோரீன்! வீடு இன்னும் பத்திக்கல, கூரை தெரியுது பாருங்க!" என்றாள்.

அப்போது என் காதில் கேட்டது யார் குரல் தெரியுமா? உன் குரல். ஒவ்வொரு பயிற்சியிலும் தொண்டை கிழியக் கத்துவாயே, "திரும்ப இடம் இருக்கான்னு பாக்காம உள்ள போனா, அது வண்டி இல்ல, சவப்பெட்டி!" என்று. வண்டியின் மூக்கு எப்போதும் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று நீ சொல்லிச் சொல்லி, நான் சர்ச்சுக்குப் போனால்கூடக் காரைப் பின்பக்கமாக ஏற்றித்தான் நிறுத்துகிறேன். பாதிரியாருக்கு அதில் வருத்தம்.

உன் வீட்டு முற்றத்தில் முன்பு வண்டி திரும்ப இடம் இருந்தது. பிறகு அந்த இடத்தில் லோர்னா நான்கு சீமைமாதுளை வைத்தாள். அவளைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். அவள் ஜாமை உன்னைவிட அதிகமாகத் தின்றவள் நான். ஆனால் மரம் மரம்தான். அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் உன் குட்டை. நடுவில் அவ்வளவு பெரிய வண்டி எங்கே திரும்பும்?

அதனால் திருப்பினேன். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். உள்ளே ஜனம் தரையில் படுத்துக் கிடந்தது. கூரையில் விழுந்த கங்குகளை மெர்வ் ஏணி மேல் நின்று அணைத்தார். அந்த ஜனம்தான் இன்றைக்குக் கேரவன்களில் ரொட்டி கருக்கிக்கொண்டிருக்கிறது.

நாளைக்கே அதே புகை வந்தாலும், அதே கேட்டில், அதேபோலத்தான் திரும்புவேன். வீட்டுக்குள் நீயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் கேட்காதே.

நம்பிக்கை இல்லையா? ஒன்று செய். இங்கே வா. நீயே வண்டியை எடு. உன் கேட்டுக்குள் போ. முற்றத்தில் திருப்பி, மூக்கு முன்னால் தெரிய வெளியே வா. வந்துவிட்டால், ஹாலில் அத்தனை பேர் முன்னாலும் நாற்காலி மேல் ஏறி நின்று, "நான் பண்ணினது தப்பு" என்று சொல்கிறேன். வர முடியாவிட்டால், நீ வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் இரண்டாவது ஓட்டுநராக இரு.

பயமாக இருந்தால் கடலையே பார்த்துக்கொண்டிரு.

நோரீன்

*

வாலஸ் முனை
மார்ச் 25

நோரீன்,

ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. டீசல் போட்டு வை. நாற்காலியைத் துடைத்து வை.

டெஸ்மண்ட்

*

வாலஸ் முனை
ஏப்ரல் 13

நோர்,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். மெர்வுடைய டிராக்டர் இழுத்து இழுத்துக் கயிறு அறுந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நீ வெளியே நின்று பார்த்தாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை சுலபம். நல்ல வெயில். கேட்டுக்கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனேன், திருப்பினேன், மூக்கு முன்னால் வந்தேன். மெர்வ் கை தட்டினார். நீ தாடையைத் தூக்கிக்கொண்டு, "சரி, எங்க அந்த நாற்காலி?" என்றாய். நீ வாக்கு மாறமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்போது நான் சும்மா இருந்திருந்தால் ஜெயித்தவன்.

ஆனால் திருப்பும்போது சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. நான்கு தடவை. லோர்னாவின் மரங்களின் கருகின கட்டைகள். அன்றைக்கு அவை கட்டைகள் இல்லை.

அதனால்தான், "நாற்காலி இருக்கட்டும் நோர், இன்னும் முடியல" என்று இறங்கினேன். முற்றத்து ஓரத்தில் கிடந்த காலி டிரம்களை உருட்டி வந்து, மரம் நின்ற இடத்திலெல்லாம் நிறுத்தினேன். வண்டியிலிருந்த தீத்தடுப்புப் போர்வையை எடுத்து முன் கண்ணாடியில் மாட்டி, ஒரு கை அகலம் மட்டும் விட்டேன். அன்றைக்கு மூன்று மணிக்கு உனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். "உனக்கென்னடா பைத்தியமா?" என்று நீ கத்தியது காதில் விழுந்தது.

போனேன். ஒரு டிரம்மில் இடித்தேன். நிறுத்திப் பின்னால் எடுத்தேன். இன்னொன்றில் இடித்தேன். அப்புறம் குட்டை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை நோர். நான் வெட்டின குட்டை. என் வீட்டு முற்றம். வெயில் அடிக்கிற காலை நேரம். எந்த மரமும் எரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அலற யாருமில்லை. அப்படியும் தெரியவில்லை. பிறகு வண்டியின் பின்பக்கம் மெதுவாக உட்கார்ந்தது. கதவுக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நீ அன்றைக்கு டான்யா சொன்னதைக் கேட்டிருந்தால், நான் முட்டையோடு வந்து நின்ற இடத்தில், அந்தப் பாதையின் கோடியில், நீங்கள் மூவரும்...

இதை முடிக்க மனம் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

உன் வண்டியை நான் குட்டையில் இறக்கிவிட்டேன். நாளைக்குக் கிரெய்டன் வந்து பார்த்தால் இருக்கிற மரியாதையும் போகும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே இந்த லட்சணம் என்பார்கள். நான் உங்களுக்கு வேண்டாம். குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

டெஸ்

*

டின்டில் கிரீக்
ஏப்ரல் 16

டெஸ்,

எடுக்கமாட்டேன். உன் பெயரை எடுக்க நீ யார்?

கிரெய்டன் வந்ததைச் சொல்கிறேன். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. வண்டியை ஓட்டிப் போகக் கூடவே ஓர் ஆளையும் அழைத்து வந்திருந்தார். கொட்டகை காலி.

"வண்டி எங்க?"

"குட்டையில."

"குட்டையிலன்னா?"

"தண்ணி குடிக்குது சார்" என்றார் மெர்வ்.

உன் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வண்டி பின்பக்கத்தைச் சேற்றில் புதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மேல் இரண்டு வாத்து. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யார் பண்ணின வேலை இது?"

"எங்க ஓட்டுநர்."

"நீங்கதானே ஓட்டுநர்?"

"நான் ஒருத்தி. அவன் இன்னொருத்தன். டெஸ்மண்ட், என் தம்பி. உரிமம் இருக்கு, குழுவை விட்டு விலகறேன்னு எழுதிக் குடுக்கவும் இல்ல."

"அவர் ஊரை விட்டே போயிட்டார்னு கேள்விப்பட்டேனே?"

"ஊரை விட்டுப் போனவன் எப்படி சார் உள்ளூர்க் குட்டையில வண்டிய இறக்குவான்?"

அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அரசாங்கச் சொத்து, அலட்சியம், ஒழுங்கு நடவடிக்கை என்று அடுக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். "எடுங்க சார், கண்டிப்பா நடவடிக்கை எடுங்க. இந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக்கூடாது. 'டின்டில் கிரீக் ஓட்டுநர் டெஸ்மண்ட்'னு தெளிவா எழுதுங்க."

பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். டான்யா குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. மெர்வ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். உன்னைக் கண்டிக்க வேண்டுமென்றால் நீ எங்கள் ஓட்டுநர் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் எங்களுக்கு ஓட்டுநர் இருவர்.

அந்த ஆள் முட்டாள் இல்லை. பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார். "உங்க தம்பிக்கு நானே கடிதம் போடறேன். அவர் இந்தக் குழுவோட ஓட்டுநரா இல்லையான்னு அவர் வாயாலயே சொல்லட்டும். ஆமான்னா அவருக்குக் கண்டனம், வண்டி உங்களுக்கு. இல்லன்னா அவருக்கு ஒண்ணுமில்ல, வண்டி ஹோல்பரிக்கு" என்றார். போகும்போது ஜீப்பில் ஏறித் திரும்பிப் பார்த்து, "குட்டையில இறக்கறதுக்கு முன்னால எதுக்கு அவர் கண்ணாடிய மூடினார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். உன் மண்பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டியை நேற்று வெளியே எடுத்துவிட்டோம். யாரும் கூப்பிடாமலே மூன்று டிராக்டர் வந்தது. கேரவன் ஜனம் முழுக்கக் கயிற்றைப் பிடித்தது. நீச்சல் உடைப் பெட்டிக்கும் உபயோகம் வந்தது, அதைப் போட்டுக்கொண்டுதான் பையன்கள் சேற்றில் இறங்கினார்கள். கழுவி விட்டேன். ஓடுகிறது. பம்பு மட்டும் வழக்கம்போல அழுகிறது.

நீ முடிக்காமல் விட்ட வரியை நான் படித்துவிட்டேன். ஜனவரியிலிருந்து தினமும் ராத்திரி அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் கூரை எனக்கும் தெரிந்தது டெஸ். தீப் பற்றவில்லை. தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பின்னால் எடுத்தேன். தப்பு என்று சொல்லச் சொன்னாயே, அதை என்னால் சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே.

கிரெய்டனுக்கு என்ன பதில் எழுதுவாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கெஞ்சவும் மாட்டேன். வண்டி கொட்டகையில் நிற்கிறது, மூக்கு வெளியே பார்த்தபடி.

உன் அக்கா,
நோரீன்

*

வாலஸ் முனை
ஏப்ரல் 23

நோர்,

கிரெய்டனின் கடிதம் வந்தது. நல்ல கெட்டியான தாள். மகள் படித்துவிட்டுப் பயந்துபோனாள். "கண்டனம்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாப்பா?" என்றாள். "சம்பளமே இல்லாத வேலைடி, எங்க இருந்து தூக்குவாங்க?" என்றேன்.

நேற்று டிவியில் ஒரு படித்த மனிதர். நகரத்துக்காரர், கண்ணாடி போட்டவர். இதுபோன்ற காட்டோரங்களில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது, தீக்குத் தப்பிக்க முடியாது என்றார். நல்ல மனிதர்தான். புள்ளிவிவரம் எல்லாம் வைத்திருந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "இதைத்தான் மாமா நானும் சொல்றேன். இங்கயே இருந்துருங்க" என்றார். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். தீ அந்த மனிதருக்குச் செய்தி. நமக்கு அது பக்கத்து வீட்டுக்காரன். அவனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் நம் அப்பா அந்த மலையில் பால் கறந்தார், அப்பாவின் அப்பாவும் கறந்தார். நாம் அங்கேதான் வாழ்வோம். வண்டி திரும்ப இடம் விட்டு வாழ்வோம்.

ஹோல்பரி புல்டோசர்க்காரனிடம் பேசிவிட்டேன். மே முதல் வாரம் வருகிறான். குட்டையை மண் போட்டு மூடி வேறு பக்கம் வெட்டச் சொல்லியிருக்கிறேன். பாதையின் இரண்டு பக்கமும் மரத்தை எடுக்க வேண்டும். அந்த நான்கு கட்டைகளையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். அடியில் துளிர் வந்திருந்தாலும் எடுத்துவிடு என்றேன். அதைச் சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு, கடற்கரையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் வண்டி மூன்று தடவை சுற்றி வருகிற அளவுக்கு வட்டம் போட்ட பிறகுதான் வீட்டுக்கு அஸ்திவாரம். அதுவரை எனக்கு ஒரு கேரவன் பார்த்து வை. ரொட்டியைக் கருக விடாத ஆள் பக்கத்தில்.

டான்யாவிடம் சொல், சனிக்கிழமைகளில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பேன். நான் கத்துவேன். அதையும் சொல்லிவிடு.

கிரெய்டனுக்கு எழுதின பதிலைக் காலையில் தபாலில் போட்டேன். நீ கேட்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். எழுதினது இவ்வளவுதான்:

"ஆம். டின்டில் கிரீக் வண்டியின் ஓட்டுநர் நான்தான். கண்டனத்தை இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம். டின்டில் கிரீக்குக்கு அனுப்பவும்."

டெஸ்